சொல்லட்டுமா என்று கேட்கப் போனது

பக்கத்து வீட்டுப் பிள்ளை என்னிடம் கதைப் புத்தகங்கள் இரவல் வாங்கிப் போவாள். அவள் விரும்பி வாசிப்பவை எல்லாம் ஒரே மாதிரிக் கதைகள். நாலைந்து சிநேகிதர்கள் வீட்டில் சொல்லாமல் புறப்பட்டு எதையோ தேடிப் போவார்கள். வழியில் சண்டை பிடித்து, கோபம் போட்டு, பிறகு சேர்ந்துகொள்வார்கள். திரும்பி வரும்போது கொஞ்சம் வளர்ந்திருப்பார்கள். போன கிழமை ஒரு புத்தகத்தைத் திருப்பித் தந்தபோது, நானும் சின்ன வயதில் அப்படி எங்கேயாவது போனதுண்டா என்று கேட்டாள். ஓம், கரவெட்டிக்குப் போனேன் என்றேன். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுடைய அண்ணை மோட்டார் சைக்கிளில் கரவெட்டிக்குப் போய்ச் சிநேகிதனோடு கதைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்கிறான்.

அவளுக்கு விளங்கப்படுத்த முடியாததை என் வயதுக்காரரான உங்களுக்குச் சொல்லலாம். எங்கள் காலத்தில் மானிப்பாய்ப் பிள்ளைக்கு வல்லை வெளிக்கு அப்பால் இருந்தது வேறு நாடு. கலியாண வீட்டுக்கோ செத்த வீட்டுக்கோ பெரியவர்களோடு வாடகைக் காரில் போவோம். வழியில் நித்திரையாகிவிடுவோம். கண் விழித்தால் வடமராட்சி, கரவெட்டி இருக்கிற பக்கம். அந்தத் தூரத்தை நாங்களாகவே கடந்து போன ஆவணி லீவைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் நாலு பேர். நான், என் மாமியின் மகளான மச்சாள், போதகரின் மகள், நாலாவது எங்கள் சிநேகிதி. மூன்று பேருக்கும் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். சிநேகிதி மட்டும் பண்டத்தரிப்பிலிருந்து பஸ்ஸில் வருவாள். தாய் இல்லை. தகப்பன் வெங்காயமும் மிளகாயும் வைக்கிற தோட்டக்காரர். மிளகாய் காயப் போடுகிற காலத்தில் அவளுடைய புத்தகங்களைத் திறந்தால் எங்களுக்குத் தும்மல் வரும்.

அவளுக்குக் காது சரியாகக் கேட்காது. குழந்தையாக இருந்தபோதே இரண்டு காதிலும் சீழ் வடியத் தொடங்கியதாம். மாரி காலத்தில் பஞ்சு அடைத்திருப்பாள். தலைமயிரை இழுத்து அதை மறைத்துவிடுவாள். எங்கள் வாயைப் பார்த்துத்தான் கதையை விளங்கிக்கொள்வாள். இது எங்களுக்கு ஒரு வருத்தமாகவோ குறையாகவோ தெரியவில்லை. ஒருத்தி இடக்கையால் எழுதுவாள், ஒருத்திக்குக் கத்தரிக்காய் ஒத்துவராது, இவளுக்குக் காது கேளாது, அவ்வளவுதான். வகுப்பில் அவளை நடுவில் இருத்துவோம். சொல்வதெழுதல் நேரம் நான் என் கொப்பியைக் கொஞ்சம் சரித்து வைப்பேன். ரீச்சர் கூப்பிட்டால் மச்சாள் நாங்கள் இருக்கிற வாங்குக்குக் கீழே அவளுடைய காலைத் தட்டுவாள். றோட்டில் பஸ் வந்தால் போதகரின் மகள் சட்டைக் கையைப் பிடித்து இழுப்பாள். யாரும் சொல்லித் தராமலே இவ்வளவும் எங்களுக்குப் பழகிப்போய்விட்டன.

ஆனால் வெளியே சொல்லக் கூடாது. சந்தையில் ஒரு கிழவியைப் பொடியன்கள் "செவிட்டுக் கிழவி" என்று கத்திக் கல்லெறிந்ததை அவள் பார்த்திருக்கிறாள். மறுநாள் இடைவேளையில் எங்களைச் சிற்றாலயத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தியம் கேட்டாள். நானும் மச்சாளும் எங்கள் தாய்மார் மீது சத்தியம் பண்ணினோம். போதகரின் மகள் தான் சத்தியம் பண்ணக் கூடாது என்று சொல்லிவிட்டு, "சொல்லமாட்டன்" என்று மட்டும் சொன்னாள். எங்கள் மூவரில் அவளுடைய சொல்தான் பாரமானது என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

எங்கள் வகுப்பு ரீச்சர் கெட்டிக்காரி. கணக்கை அவ படிப்பித்தது போல எனக்குப் பிறகு ஒருவரும் படிப்பிக்கவில்லை. அவவுக்கு ஒரு பழக்கம், வாங்குகளுக்கிடையில் நடந்துகொண்டே படிப்பிப்பா. பின்னால் நின்று பெயர் சொல்லிக் கேள்வி கேட்பா. மச்சாளின் கால் எட்டாத நேரங்களில் சிநேகிதி திரும்ப மாட்டாள். ரீச்சர் இரண்டாம் முறை கூப்பிடுவா, மூன்றாம் முறை கூப்பிடுவா, பிறகு வெளியே போய் நிற்கச் சொல்லுவா. கூப்பிட்டால் மதிக்காத பிள்ளை என்று அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தின் இரண்டாம் தவணை முடிகிற நேரம் ரீச்சர் தகப்பனைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளைக்குப் படிப்பில் மனமில்லை, அடக்கமும் இல்லை என்று சொல்லியிருக்கிறா. அந்த மனிசனும் வீட்டில் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர். தோட்டத்திலிருந்து கூப்பிடுவார், மகள் அசைய மாட்டாள். அதனால் ரீச்சர் சொன்னதை நம்பிவிட்டார்.

தவணை முடிந்த அன்று பஸ் தரிப்பில் வைத்து அவள் எங்களிடம் சொன்னாள்.

"நான் இனி வரமாட்டன். கரவெட்டியிலை மாமி தனிய இருக்கிறா. அவவோடை நிக்கட்டாம்."

நாங்கள் ஏதோ சொல்ல வாயெடுக்க பஸ் வந்துவிட்டது. ஏறி யன்னல் பக்கம் இருந்தவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எங்கள் வாயைப் பார்த்திருப்பாள், நாங்கள் சொன்னது விளங்கியிருக்கும்.

லீவு தொடங்கி முதல் நாட்களில் நாங்கள் மூவரும் போதகர் வீட்டு மாமரத்தின் கீழ் இருந்து இதையே கதைத்தோம். அப்பா ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிற வேலை. அவரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டால் திருப்பி எடுப்பார்களா என்றேன். சிரப் போத்தலை மூடிக்கொண்டே, மூன்றாம் தவணை தொடங்கியும் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்றார். படிக்க விருப்பமில்லாத பிள்ளையை யார் பிடித்து வைக்க முடியும் என்றும் சொன்னார். அவருக்கு அவளை நன்றாகத் தெரியும். எத்தனையோ முறை எங்கள் வீட்டில் சாப்பிட்டவள்.

மச்சாளுக்குப் பொறுமை போய்விட்டது. இன்றைக்கே தன் மாமாவான என் அப்பாவிடம் போய், அவளுக்குக் காது கேளாது, அவ்வளவுதான் விஷயம் என்று சொல்லிவிடுவோம் என்றாள். போதகரின் மகள் அசையவில்லை.

"சொல்லமாட்டன் எண்டு சொன்னனாங்கள்."

"சொல்லாமல் இருந்தா அவளுக்குப் படிப்பில்லை."

"சொன்னா அவளுக்கு நாங்கள் இல்லை."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. நடுவில் நான். இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டது. அடுத்த நாள் என் வாயில் எப்படி அது வந்ததென்று தெரியாது.

"அவளிட்டையே கேப்பம். சொல்லட்டோ எண்டு."

அதைச் சொன்ன பிறகுதான் கரவெட்டி எங்கே இருக்கிறது என்று மூன்று பேரும் யோசித்தோம்.

வீட்டில் கேட்டால் விட மாட்டார்கள். நானும் மச்சாளும் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பயிற்சி என்று பொய் சொன்னோம். போதகரின் மகளுக்குப் பொய் வராது. சிநேகிதி ஒருத்தியைப் பார்க்கப் போகிறேன், பின்னேரம் வந்துவிடுவேன் என்று உள்ளதைச் சொன்னாள். எந்தச் சிநேகிதி, எந்த ஊர் என்று போதகர் கேட்கவில்லை. நல்ல பிள்ளையாக இருப்பதில் இப்படி ஒரு வசதி இருந்தது.

இரண்டு சைக்கிள். என்னுடையது அக்காவிடமிருந்து வந்த சின்னச் சைக்கிள். மச்சாளுடையது அவளின் தகப்பனின் பெரிய ரலி சைக்கிள். பாருக்குக் கீழால் காலை விட்டு, உடம்பைச் சரித்துத்தான் அவளால் அதை ஓட முடியும். போதகரின் மகளுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது, ஆள் மாறி ஆளின் கரியரில் இருந்து வந்தாள். தலையில் மலாயாவிலிருந்து அவளுடைய பெரியம்மா அனுப்பிய வைக்கோல் தொப்பி, மடியில் பாணும் சம்பலும் கட்டிய பொட்டலம்.

மருதனார்மடம், உரும்பிராய், கோப்பாய். அங்கிருந்து வடக்கே திரும்பி நீர்வேலி. காலை வெயிலில் செம்மண் தோட்டங்களுக்கு இறைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இறைக்கிற மெசின்களின் சத்தம் ஒரு தோட்டத்திலிருந்து அடுத்ததற்கு எங்களைக் கையளித்துக்கொண்டே வந்தது. வாய்க்காலில் முகம் கழுவினோம். வாழைத் தோட்டத்துக்குள் இருந்த ஒருவர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொந்தக்காரர் வீட்டுக்கு என்றாள் மச்சாள். சோளகக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. இவ்வளவு சுகமாகப் போய்விடலாம் என்று தெரிந்திருந்தால் முன்பே வந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது இதே காற்று எதிரே நிற்கும் என்ற யோசனை மூன்று பேருக்கும் வரவில்லை.

ஆவரங்கால் தாண்டியதும் வீடுகள் முடிந்துவிட்டன. வல்லை வெளி. மரம் இல்லை, வேலி இல்லை. றோட்டின் இரண்டு பக்கமும் உப்புப் பூத்த தரை, அதற்கப்பால் தண்ணீர். அதுவரை பின்னால் இருந்த காற்று இங்கே பக்கவாட்டாக வந்து அடித்தது. ரலியின் முன்சில்லு றோட்டை விட்டு இறங்கி, மச்சாளும் போதகரின் மகளும் விழுந்தார்கள். முழங்கை உரசியதைப் பார்ப்பதற்குள் தொப்பி எழும்பிவிட்டது. இரண்டு முறை தரையில் பட்டுத் துள்ளி, தண்ணீரில் போய் இருந்து, மெதுவாக விலகிப் போனது. யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ரலியின் செயினும் கழன்றிருந்தது.

உருட்டிக்கொண்டு போய் முனியப்பர் கோவிலடியில் இருந்தோம். அங்கே ஒரு லொறிக்காரர் இறங்கித் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தினார். எங்களைப் பார்த்துவிட்டுச் செயினைப் போட்டுத் தந்தார். உடைத்த தேங்காயில் ஆளுக்கொரு துண்டும் தந்துவிட்டுப் போனார். போதகரின் மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, கோவிலில் உடைத்ததைத் தான் சாப்பிடலாமோ என்று யோசித்தாள். பிறகு சாப்பிட்டாள். வீட்டில் நாங்கள் சொல்ல மாட்டோம் என்றேன். தானே சொல்லுவேன் என்றாள். அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினாள். தொப்பிக்காக என்று நினைத்தோம்.

"அவள் வேண்டாம் எண்டு சொன்னா என்ன செய்யிறது?" என்று கேட்டாள்.

எங்களில் ஒருவரும் அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அவள் வேண்டாம் என்றால் சொல்ல முடியாது. திரும்பிப் போக வேண்டியதுதான். தவணை தொடங்கும், அவளுடைய பெயரை வெட்டுவார்கள், எல்லாம் தெரிந்த நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டு இருப்போம். இவ்வளவு தூரம் வந்தது அதற்காகவா?

மச்சாள்தான் பதில் சொன்னாள். அவளுடைய குரல் அவ்வளவு மெதுவாக வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"வேண்டாம் எண்டா வேண்டாம்தான். வந்து கேட்டனாங்கள் எண்டாவது அவளுக்குத் தெரியும்."

அந்த இடத்தில் எங்கள் சண்டை முடிந்தது. பாணைப் பிய்த்து மூன்று பேரும் சாப்பிட்டோம். சம்பலில் மண் கலந்திருந்தது.

கரவெட்டியில் மாமி வீடு கூட்டுறவுச் சங்கக்கடைக்கு முன்னால் என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். கரவெட்டியில் எத்தனையோ சங்கக்கடை. ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கொண்டு போனோம். பண்டத்தரிப்பிலிருந்து ஒரு பிள்ளை வந்து நிற்கிற வீடு என்று கேட்டபோதுதான் ஒரு மனிசி கையை நீட்டிக் காட்டினா.

படலை திறந்திருந்தது. வளவின் பின்பக்கம் கிணற்றடியில் அவள் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள், முதுகு எங்கள் பக்கம். எங்களை மறந்து மூன்று பேரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். திரும்பவும் கூப்பிட்டோம். இவ்வளவு தூரம் வந்த சந்தோசத்தில் எங்களுக்கே அது மறந்துபோனது. அவள் வாளியைச் சரித்துக் குடத்தில் ஊற்றினாள். பிறகு கயிற்றைப் பிடித்தாள்.

குசினி வாசலில் ஒரு பெண் வந்து நின்றா. அதுதான் மாமி என்று பார்த்தவுடன் தெரிந்தது, அதே நெற்றி. எங்கள் மூவரையும், இரண்டு சைக்கிளையும், மச்சாளின் முழங்கையையும் பார்த்தா.

"பின்னாலை நிண்டு கூப்பிட்டா அவளுக்குக் கேளாது பிள்ளையள். முன்னாலை போங்கோ."

நான் படலையடியில் அப்படியே இருந்துவிட்டேன். எங்கள் மூவரின் நெஞ்சுக்குள்ளும் வருடக்கணக்காய்ப் பூட்டி வைத்திருந்த விஷயத்தை ஒரு பெரிய ஆள் சோறு வெந்துவிட்டது என்பது போலச் சொல்கிறா. போதகரின் மகள் அவவிடம் மிகவும் கவனமாகக் கேட்டாள், உங்களுக்கு யார் சொன்னது என்று. ஒருவரும் சொல்லவில்லை என்றா மாமி. வந்து இரண்டாம் நாள் பிள்ளைக்குப் பின்னால் வெண்கலச் செம்பு விழுந்திருக்கிறது; பிள்ளை திரும்பவில்லை.

"தெரிஞ்சுகொண்டுதான் என்ரை தம்பி இஞ்சை கொண்டந்து விட்டவன் எண்டெல்லோ நான் நினைச்சன்," என்றா. "பள்ளிக்கூடத்துக்கும் தெரியும், அதுதான் வேண்டாம் எண்டிட்டினம் எண்டு. அந்தக் கோபத்திலை நான் அவனோடை கதைக்கிறதுமில்லை."

இதற்குள் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். எங்களைக் கண்டாள். குடத்தைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டுத்தான் ஓடி வந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

கேட்க வேண்டியதை மச்சாள் கேட்கட்டும் என்று வழியெல்லாம் கதைத்து வந்திருந்தோம். மச்சாள் என்னை முன்னால் தள்ளிவிட்டாள். நான்தான் அவளுக்கு முன்னால் நின்று, உதடு நன்றாகத் தெரிகிற மாதிரிக் கேட்டேன். உன்னுடைய காதைப் பற்றி அப்பாவிடமும் ரீச்சரிடமும் சொல்லட்டுமா என்று.

அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நீங்கள் இன்னும் சொல்லேல்லையோ?" என்றாள்.

இல்லை என்று மூன்று பேரும் தலையாட்டினோம்.

"நான் போன அண்டைக்கே நீங்கள் சொல்லியிருப்பியள் எண்டு நினைச்சன். சொல்லியும் ஒருத்தரும் வரேல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்."

சத்தியம் பண்ணினோமே என்றாள் போதகரின் மகள். நீ எங்கே பண்ணினாய் என்று அவள் கேட்டாள். பிறகு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். "சொல்லுங்கோ, சொல்லுங்கோ" என்று போதகரின் மகளின் இரண்டு கையையும் பிடித்து உலுக்கினாள். அந்த வளவில் அன்று எங்களுக்கு இறங்கிய பாரத்தை இன்று நினைத்தாலும் எனக்குத் தோள் இலேசாகிறது.

மாமி எங்களுக்குச் சோறு போட்டா. கத்தரிக்காய்ப் பால்கறி. ஒத்துவராது என்று சொன்னவளும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். அந்த எதிர்க்காற்றில் உங்களால் திரும்பிப் போக ஏலாது என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு நின்ற லொறியை மறித்தா. வெளிச் சேலை மாற்றிக்கொண்டு வந்து முன்சீற்றில் ஏறினா. நாங்கள் நாலு பேரும் பின்னால் வெங்காய மூட்டைகளின் மேல், சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு. வல்லையைத் தாண்டும்போது மச்சாள் தொப்பி விழுந்த இடத்தைக் காட்டினாள். நாங்கள் இரைந்து சொன்னது காற்றில் எங்களுக்கே கேட்கவில்லை. எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த சிநேகிதிக்கு மட்டும் எல்லாம் விளங்கியது.

வெயில் சாய்கிற நேரம் எங்கள் வீட்டு வாசலில் லொறி நின்றது. பாட்டுப் பயிற்சி இல்லை என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. அம்மா படலையில், போதகர் முற்றத்தில், அப்பா தேடிப் போவதற்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு. நல்ல அடி விழும் என்றுதான் இறங்கினேன். மாமி முன்னால் போய்ச் சுருக்கமாகச் சொன்னா. போதகர் மகளைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார், தொப்பி எங்கே என்று.

அப்பா அவளைக் கதிரையில் இருத்தினார். பின்னால் நின்று மெதுவாகப் பெயரைக் கூப்பிட்டார். பிறகு கொஞ்சம் இரைந்து கூப்பிட்டார். அவள் தன் பாட்டில் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கையைத் தட்டினார். பிறகு ரோச் லைற்றை எடுத்து இரண்டு காதுக்குள்ளும் பார்த்துவிட்டு, அதை அணைக்காமலே கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பிள்ளை எங்கடை வீட்டிலை எத்தினை தரம் சாப்பிட்டுப் போயிருக்கு," என்றார் அம்மாவிடம். ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டார். சத்தியம் பண்ணினேன் என்றேன். ரோச் லைற்றை அணைத்து வைத்தார். அடி விழவில்லை.

மறுநாள் காலை அவளுடைய தகப்பன் வந்தார். வாசலுக்கு வெளியே நின்று காலில் ஒட்டியிருந்த செம்மண்ணை வெகு நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார். தாயில்லாத பிள்ளை, அதுதான் அடம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன் என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு மகளுக்கு முன்னால் குந்தி இருந்து, அவளுடைய காது மடலை விரலால் தொட்டுப் பார்த்தார். மாமி அன்றைக்குத்தான் தம்பியோடு திரும்பக் கதைக்கத் தொடங்கினா. தொடக்கத்தில் அது கதையாக இருக்கவில்லை, வெறும் ஏச்சும் பேச்சுந்தான். அவர் தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் காதைத் துப்புரவாக்கினார்கள். மருந்துத் துளி, பஞ்சு, திரும்பத் துளி. வலக்காதின் நிலை நல்லதில்லை என்றார்கள். இடக்காதில் வடிதல் நின்று, கிழமைகள் போகப் போகச் சத்தம் ஏறத் தொடங்கியது. மூன்றாம் தவணை தொடங்கிய அன்று அவள் வகுப்பில் இருந்தாள். ரீச்சர் அவளை முன்வாங்கில் இருத்தினா. விசாரித்து ஒரு சொல் சொல்லவில்லை. எங்களுக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனால் அன்றிலிருந்து அவ வாங்குகளுக்கிடையில் நடந்து படிப்பிக்கவில்லை. வகுப்பின் முன்னால், எல்லோருக்கும் முகம் தெரிய நின்றுதான் படிப்பித்தா. அதற்குப் பிறகு அவவிடம் படித்தவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதை விடப் பெரிய சொல் வேறு என்ன என்று இப்போது நினைக்கிறேன்.

நாங்கள் நாலு பேரும் இன்னும் இருக்கிறோம். எங்கள் வயதில் இதை எழுத முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு சைக்கிளும் போர்க்கால இடப்பெயர்வில் போய்விட்டன. மச்சாள் கனடாவில். போதகரின் மகள் கொழும்பில். சிநேகிதி பண்டத்தரிப்பில் தகப்பனின் காணியிலேயே வீடு கட்டி இருக்கிறாள். காதில் மெசின் போட்டிருக்கிறாள். அலுப்பான ஆட்கள் வந்தால் கழற்றி மடியில் வைத்துக்கொள்வாள்.

அந்த வருட மார்கழியில் நடந்த ஒன்றையும் சொல்லி முடிக்கிறேன். நத்தார்ப் பண்டிகைப் பாட்டுக்குப் பள்ளிக்கூடம் முழுவதையும் சிற்றாலயத்தில் நிறுத்தியிருந்தார்கள். சிநேகிதி எங்கள் நடுவில், மச்சாள் அவளுடைய இடப்பக்கம். பாட்டு நடுவில் சிநேகிதி மெல்ல மெல்லத் திரும்பி மச்சாளின் வாயையே பார்க்கத் தொடங்கினாள். வகுப்பிலேயே பெரிதாக வாயைத் திறந்து பாடுகிறவள் மச்சாள்தான். ஆகவே அவள்தான் எங்களில் நல்ல பாட்டுக்காரி என்று சிநேகிதி இவ்வளவு காலமும் நம்பியிருந்தாளாம்.

தன் குரலை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. சிற்றாலயம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"நீ இவ்வளவு காலமும் உப்பிடியோ பாடினனீ?"

பாட்டு நின்றுவிட்டது. முதலில் சிரித்தது மச்சாள்தான். பிறகு எங்கள் ஒருவராலும் நிறுத்த முடியவில்லை. போதகரின் மகள் வாங்கின் மேல் சரிந்துவிட்டாள். ரீச்சர் நாலு பேரையும் வெளியே போய் நிற்கச் சொன்னா. போய் நின்றோம். சிநேகிதி எத்தனையோ நாள் வகுப்புக்கு வெளியே நின்றவள். அன்றைக்குத்தான் முதல்முறையாக, உண்மையாகவே தான் செய்த ஒரு குழப்படிக்காக நின்றாள்.